இன்ஜினை நிறுத்தாதண்ணா

என் பழைய டீசல் அம்பாசிடரை யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். பின்சக்கரம் தள்ளும் வண்டி. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் எந்த மேட்டிலும் முக்கி நின்றதில்லை.

பக்கத்து வீட்டு ஏழுமலைக்கு நெஞ்சுவலி வந்த அன்று, அவனைப் பின்சீட்டில் படுக்கவைத்து அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அவன் மனைவி தனம் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, வழியெல்லாம் இன்ஜின் பெருமையே பேசினேன். கோட்டை மலை தெரிந்ததிலிருந்து அவள் பதில் பேசவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் சாவிக்குக் கை போனது.

“இன்ஜின நிறுத்தாதண்ணா” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மறுபடி கிளம்பாது என்று பயப்படுகிறாள் போல.

“இன்னாம்மா, என் வண்டிய பத்தி தெரியாதா? தொட்டா ஸ்டார்ட் ஆவும்” என்று சொல்லி அணைத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். வண்டியின் அதிர்வில் அதுவரை மெல்ல ஆடிக்கொண்டிருந்த ஏழுமலையின் உடம்பு அசைவற்றுக் கிடந்தது. தனம் அவன் நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள்.

“மலைகிட்டயே மூச்சு நின்னுடுச்சிண்ணா. வண்டி ஓடுறவரைக்கும் நெஞ்சு ஆடிக்கினு இருந்துச்சி. உசுரு இருக்குதுன்னு நெனச்சிக்கினே வந்தேன்.”

வண்டியை நான் விற்கவில்லை. இன்றும் தொட்டதும் கிளம்புகிறது. அணைக்கும்போதுதான் கை தயங்குகிறது. காலியாகக் கிடக்கும் பின்சீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன்.