பச்சை ஒளியைக் கைவிட்டவர்

கொடைரோடு நிலையத்தில் மதுரை வண்டிக்காக நின்றிருந்தேன். எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். “சார், நம்ம காதர் சார் மௌத்தாயிட்டாராம். நெஞ்சுவலியாம். காலேஜுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தாராம்.” அடுத்த பஸ்ஸிலேயே திண்டுக்கல் திரும்பினேன். அடக்கத்துக்குப் போய்ச் சேர முடிந்தது, அவ்வளவுதான்.

இயற்பியல் ஆசிரியர் காதர் மைதீனை, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் வகுப்பறையில் அறிவீர்கள். நான் வேதியியல் பக்கம். எங்கள் ஆய்வுக்கூடங்களுக்கு நடுவே ஒரு சுவர்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அவர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் ஆந்த்ரசீனை மின் உலையில் உருக்கி, மெல்ல ஆறவிட்டுப் படிகம் வளர்த்துவந்தார். நடுவில் கரண்ட் போனால் படிகம் விரிசல் விட்டுவிடும். “செத்த நேரம் பொறுக்க மாட்டேங்குதே” என்று உடைந்ததைத் திரும்ப உருக்குவார்.

ஒருநாள் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, புற ஊதா விளக்கின் கீழ் ஒரு படிகத்தைக் காட்டினார். நீலத்தோடு பச்சையும் கலந்து ஒளிர்ந்தது. “வெளிச்சம் பட்ட மூலக்கூறு சும்மா இருக்காது அருளப்பா. வாங்குன சக்தியைப் பக்கத்து மூலக்கூறுக்குக் கொடுத்துரும், அது அடுத்ததுக்கு. இப்படி அலையுறதுக்குத்தான் எக்சைட்டான்னு பேரு. எங்கயாவது ஒரு இடத்துல அது வெளிச்சமா வெளிய வந்துரும்.” அந்தப் பச்சை ஆந்த்ரசீனுக்கே உரியது என்பது அவர் முடிவு. அதை வைத்தே முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதிச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருந்தார்.

இன்னும் நல்ல படிகம் வேண்டும் என்று கேட்டார். நான் ஆந்த்ரசீனைப் பலமுறை சுத்தம் செய்து கொடுத்தேன். புதுப் படிகம் நீலமாக மட்டும் ஒளிர்ந்தது. மகிழ்ந்து ஏதோ சொல்லப்போனவன் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

“அப்ப அந்தப் பச்சை ஆந்த்ரசீனோடது இல்ல. கூட ஒட்டிக்கிட்டு வந்த டெட்ராசீன்ங்கிற கலப்போடது. லட்சத்துல ஒண்ணு இருந்தாலும் அலையுற சக்தி அதுல போய் விழுந்துருது” என்றார்.

“ஏடு போயாச்சு. யாரும் கேட்கப்போறதில்ல. விட்டுருங்க பாய்.”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சே அருளப்பா.”

சென்னைக்குப் போய் ஏட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பட்டம் இல்லாததால், வரவேண்டிய துறைத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. தோல் வியாபாரம் செய்த அண்ணன், “இம்புட்டு வருஷம் அடுப்பெரிச்சது போதும், கடைக்கு வாடா” என்றார். அந்த மழைக்காலம் முழுதும் ஆய்வுக்கூடம் பூட்டியே கிடந்தது.

பிறகு ஒரு பிற்பகல் என் மேசைக்கு வந்தார். “நீ எடுத்துப்போட்டதைத் திரும்பக் கலக்கணும். ஆனா அளந்து கலக்கணும்.” அத்தனை கோடி மூலக்கூறுகளின் ஒளியைச் சில மூலக்கூறுகள் எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்பதே அவருடைய புதிய ஆய்வு. அறுபதுகளில் பட்டம் கிடைத்தது. இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தேர்வாளர் கேட்டாராம். “என் தப்புலேருந்து” என்றாராம்.

பூட்டிக்கிடந்த அந்த மாதங்களிலும் மாலையானால் என் அறை வாசலில் வந்து நின்று, “வா, டீ குடிச்சுட்டு வருவோம்” என்று கூப்பிட அவர் தவறியதில்லை. அவருடைய ஆய்வேட்டைக் கவிழ்த்தது என் கை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடைத்தெரு வரை நடப்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பிடியைத்தான்.