ரத்தத்தில் கலந்த வெள்ளை

என் தம்பி பெயின்டர். எவ்வளவு உயரமான கட்டிடமானாலும் உச்சியை அவன்தான் அடிப்பான். அதனால் எல்லோருக்கும் அவன் உச்சாணி. அதே பெயின்டர் கூட்டத்தில் பழைய பெயின்ட் சுரண்டும் வேலை எனக்கு. தம்பி தங்கமான பிள்ளை. சாயங்காலமானால் மட்டும், கூடவே பெயின்ட் அடிக்கும் தன் மச்சானோடு சாராயக் கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவான். கேட்டால், "பெயின்ட் கரைக்கிற தின்னர் நெடி தொண்டையிலேயே நிக்குதுக்கா, கழுவ வேணாமா?" என்பான்.

அப்போதுதான் பெரிய இரும்புத் தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளை அடிக்கும் வேலை வந்தது. எந்தத் தெருவில் நின்றாலும் கண்ணில் படுகிற தொட்டி. "உச்சியில நின்னு கை ஆட்டுவேன், மாடியிலேருந்து பாருங்க" என்று தன் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டான். ஆனால் மேஸ்திரி, யாராக இருந்தாலும் ரத்தம் பரிசோதித்து டாக்டர் சரி என்றால்தான் மேலே ஏற்றுவேன் என்றார்.

பரிசோதனைக்கு முந்தின நாள் தம்பியும் மச்சானும் கடைக்குப் போகவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்கள்.

"என்னடா கூத்து இது?"

"பிரஷ்ஷை ஒரு நாள் தின்னர்ல ஊறப்போட்டா புதுசாயிடுதுல்ல? அதே மாதிரிதான்க்கா. உடம்பை அலசிட்டா ரத்தம் பளிச்சுன்னு ஆயிடும்."

"ஆயிடும், ஆயிடும்" என்று மச்சான் ஏப்பம் விட்டார்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்துப் பெண் இருவரின் ரத்தமும் இருந்த இரண்டு குழாய்களைக் காட்டினாள். அடியில் சிவப்பு, மேலே பால் ஊற்றியதுபோல் வெள்ளை. மேலே நிற்பது தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டுமாம்.

"ஏம்மா, என் ரத்தத்துல யாரு வெள்ளை பிரைமர் கலந்தது?" என்றான் தம்பி.

"நீங்கதாண்ணே" என்று சிரித்தாள்.

டாக்டரம்மா எனக்கும் புரியும்படி சொன்னார். "சாராயம் உள்ள வந்தா கல்லீரல் மத்த வேலையெல்லாம் போட்டுட்டு அதை முறிக்கத்தான் ஓடும். எரிக்க வேண்டிய கொழுப்பு எரியாம கொஞ்சம் அங்கேயே படியும், கொஞ்சம் ரத்தத்துல சேரும். அந்த வெள்ளை அதுதான். வெறும் வயித்துல குடிச்சா ரத்தத்துக்குச் சர்க்கரை அனுப்பக்கூட அதுக்குக் கை ஒழியாது. மேல நிக்கும்போது தலை சுத்தினா என்ன ஆகும்? போதாததுக்கு உங்க தின்னர் நெடியும் கல்லீரல் தலையிலதான் விடியுது."

"அவ்வளவு தண்ணி குடிச்சோமேம்மா?"

"இது மாசக்கணக்கா ஏறினது. ஒரு நாள் தண்ணிக்குப் போகாது. குடியை விட்டா தானா இறங்கும்."

தம்பி யோசித்தான். "கோட்டு மேல கோட்டா அடிச்சு வெச்சிருக்கேன். இதுக்கும் நீதான் வந்து சுரண்டணும்க்கா!"

தொட்டிக்குத் துரு எடுத்து, அடிப்பூச்சாக பிரைமர் அடிக்க மழைக்காலம் வரை ஆகும், அதற்குள் தேறாவிட்டால் உச்சிக்கு வெளியாளைப் போடுவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து குடியை விட்டுவிட்டு, நெடி ஏறாமல் முகமூடி கட்டிக்கொண்டு தொட்டியின் கால்களையே தேய்த்தான் தம்பி.

"சாமியார் வர்றாரு, வழி விடுங்கப்பா!" என்று மச்சான் கலாட்டா செய்வார். நான் தினமும் விளக்கேற்றி, அவனுக்காக ஒரு வார்த்தை கடவுளிடம் சொல்லி வைப்பேன். ஒரு நாள் சாயங்காலம் போன வேகத்திலேயே திரும்பி வந்து, "கடை முக்கு வரைக்கும் போயிட்டேன்க்கா. நிமிர்ந்தா தொட்டி நிக்குது. பிள்ளைங்க ஞாபகம் வந்திடுச்சு" என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மழைக்கு முன்னால் மறுபடி பரிசோதனை. குழாயில் தெளிந்த மஞ்சளைப் பார்த்ததும், "வார்னிஷ்! அசல் வார்னிஷ்!" என்று அவன் போட்ட கூச்சலில் அங்கிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மச்சானின் குழாயில் அதே பால்தான்.

ஏறினான். மாடியில் பிள்ளைகள் குதிக்க, உச்சியில் நின்று கை ஆட்டினான். மச்சான் கீழே கயிறு பிடித்திருந்தார். அவர் வழுக்கையில் சொட்டென்று ஒரு துளி வெள்ளை விழுந்தது.

"மச்சான், என்கிட்ட இருந்த வெள்ளையெல்லாம் இனி உனக்குத்தான்!" என்று மேலிருந்து குரல் வந்தது.

மச்சான் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "சிரிக்காதீங்கக்கா. சாமியார் கட்டின அந்த முகமூடி எங்க கிடைக்கும்?"