ஒன்பதாவது ஆள்

சோப்புத்தூள் ஆலையின் பொட்டலக் கூடத்தில் அவளுக்குக் கணக்கக்கா என்று பெயர். கல்லூரியில் ஒரு வருஷம் புள்ளியியல் படித்தவள். அப்பா போனதும் படிப்பும் போய், பதினோரு வருஷமாகத் தூளை நிறுத்துப் பொட்டலம் ஒட்டுகிற மேஜையில் நிற்கிறாள். லீவு கணக்கா, ஷிப்ட் குழப்பமா, எல்லாவற்றுக்கும் அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, சொல்லித்தான் ஆகவேண்டும். தம்பியையும் அவள்தான் சிபாரிசு பிடித்து அதே கூடத்தில் சேர்த்துவிட்டாள். மூன்றே வருஷத்தில் அவனை விடாத இருமல் பிடித்துக்கொண்டது.

சங்கம் சத்தம் போட்டது. நிர்வாகம் ஒரு நிபுணரைக் கூட்டிவந்தது. ஊரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு நாள்பட்ட இருமல் இருக்கிறது, இந்தக் கூடத்திலும் அவ்வளவுதான் என்று முதலில் வைத்துக்கொள்வோம் என்றார் அவர். இங்கே அதைவிட அதிகம் என்று கணக்கு காட்டினால் தூசி உறிஞ்சும் எந்திரம் வரும், இருமுகிறவர்களுக்கு வைத்தியச் செலவும் உண்டு. காட்டாவிட்டால் ஒன்றும் கிடையாது. இரு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள்.

கூடத்தில் மொத்தம் நாற்பது பேர். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, "மூணு மாசத்துக்கு மேல இருமல் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். அந்த வாரம்தான் வேலை நிரந்தரமாகப் போகிறவர்களின் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அவளும் இருந்தாள். நோயாளியை எவன் நிரந்தரமாக்குவான்? தன் இருமல் வெளியே தெரியாமலிருக்க ஒரு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு உள்ளே போய், "இல்லீங்க டாக்டர்" என்றாள். தன் ஒருத்தியின் பதிலால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தாள். புள்ளியியல் படித்தவள் நினைக்கிற நினைப்பா இது!

பத்து நாள் கழித்து முடிவைப் பலகையில் ஒட்டினார்கள். நாற்பதில் எட்டு. எல்லோரும் அவளைத்தான் இழுத்துக்கொண்டு போனார்கள்.

"என்னக்கா இது? அஞ்சு பேருக்கு இருக்க வேண்டியது எட்டு பேருக்கு இருக்கே, போதாதா?" என்றான் தம்பி.

"தற்செயலாவே எட்டோ அதுக்கு மேலயோ வர்றதுக்கு நூத்துல பத்து வாய்ப்பு இருக்காம். அது நூத்துல அஞ்சுக்குக் கீழ போனாத்தான் தற்செயல் இல்லன்னு ஒத்துக்குவாங்க."

"எத்தனை பேர் இருந்தா கீழ போகும்?"

அவள் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல் பாவனை செய்தாள். பலகையைப் பார்த்த உடனேயே விடை தெரிந்துவிட்டிருந்தது.

"ஒன்பது."

ஒரே ஒரு ஆள். கூட்டம் வாயில் வந்தபடி திட்டியது. நோட்டீஸின் கடைசி வரியில், தூசியால் பாதிப்பில்லை என்று நிரூபணமாகிவிட்டதாக எழுதியிருந்தார்கள். பச்சைப் பொய். சான்று போதவில்லை, அவ்வளவுதான். அதுவும் இதுவும் ஒன்றா என்று கத்தவேண்டும்போல் அவளுக்கு இருந்தது. எந்த முகத்தோடு கத்துவாள்?

மறுமாதம் அவளுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. தம்பி உட்பட எட்டுப் பேரையும் உடல் தகுதி இல்லையென்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று தம்பிக்குச் சோறு போடும்போது அவளால் அடக்கமுடியவில்லை.

"டேய், அந்த ஒன்பதாவது ஆள் நான்தான்டா."

அவன் தலை நிமிரவில்லை.

"தெரியும்க்கா. ஒரே வீட்டுலதானே இருக்கேன், காது கேக்காதா? டாக்டர் எங்கிட்டயும் கேட்டாரு, உங்க அக்காவுக்கு இருமல் உண்டான்னு. இல்லைன்னுட்டேன்."