ஊதியூர் தாண்டினால் நிற்கும் லாரி

போன வாரம் எங்கள் குடியிருப்பில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிற ஆள் வரவில்லை. நான் பார்க்காத டீசலா என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கேனுக்குள் ரப்பர் குழாயை விட்டு வாயால் ஒரு இழுப்பு இழுத்தேன். அந்தக் காலத்தில் உதட்டோடு நிறுத்தத் தெரியும். இப்போது ஒரு மடக்கு நேராகத் தொண்டைக்குள் போய்விட்டது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "இந்த வயசுல இதெல்லாம் தேவைங்களா?" என்றாள். நியாயமான கேள்விதான். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை, ஏப்பம் விட்டால் டீசல். மூன்றாவது ஏப்பத்தில் நாச்சிமுத்து அண்ணன் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். அவர் வந்தால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது.

அவரைச் சொல்வதற்கு முன்னால் என் அப்போதைய மேதாவித்தனத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் நான் கோவை கணபதியில் ஒரு பம்ப் ரூமில் வேலை பார்த்தேன். கோயமுத்தூரில் பம்ப் என்றதும் கிணற்று மோட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள், பெண் பார்க்கப் போன வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். எங்களுடையது லாரி எஞ்சினுக்கு டீசலை அளந்து அனுப்புகிற பம்ப். தூசி ஆகாது என்று ஜன்னலைச் சாத்திவைத்த அறை. பம்ப்பைச் சோதனை மேடையில் ஏற்றி ஓட்டினால் ஆறு கண்ணாடிக் குழாய்களிலும் டீசல் ஒரே மட்டத்துக்கு ஏற வேண்டும். ஒன்று குறைந்தாலும் எஞ்சின் மூச்சு வாங்கும். டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் நாக்கில் வைத்தே சொல்லிவிடுவேன். இருபத்து நாலு வயது. எனக்குத் தெரியாத கோளாறு இன்னும் பிறக்கவில்லை என்று நினைப்பு.

நாச்சிமுத்து அண்ணன் ஒரு லாரியின் டிரைவர். வாரம் ஒருமுறை கிணற்று மோட்டார்களை ஏற்றிக்கொண்டு காங்கேயம் வழியாகத் தாராபுரம் போவார். திரும்பும்போது சின்ன வெங்காயம் ஏற்றி வருவார். அந்த வண்டி நாலு நடையாக ஒரே இடத்தில் நின்றது. ஊதியூர் தாண்டி, ரோட்டோரம் ஒரு புளியமரம், அதற்கு ஒரு கூப்பிடு தூரம் முன்னேயோ பின்னேயோ எஞ்சின் அணைந்துவிடும். டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தால் டீசல் இருக்கும். கிளீனரை பஸ் ஏற்றி அனுப்பி, ஒரு கேன் டீசல் வாங்கிவரச் செய்து, ஊற்றி, குழாயில் புகுந்த காற்றை எடுத்துவிட்டால் கிளம்பும். தாராபுரத்திலிருந்து திரும்பி வரும்போது நிற்கவே நிற்காது. நான் பம்ப்பை இரண்டுமுறை பிரித்துக் கோத்தேன். ஆறு குழாயும் ஒரே மட்டம். எங்கள் முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "பம்ப்பு நல்லா இருக்குதுன்னா வண்டி ஏன்டா நிக்குது? நீயே போயிப் பாத்துப்போட்டு வா" என்றார்.

கிளீனர் அந்த வாரம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மே மாத வெயில். சூலூர், பல்லடம் வரை நாச்சிமுத்து அண்ணன் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். காங்கேயத்தில் பாதி மோட்டாரை இறக்கினோம். சாப்பிடலாம் என்றேன், வேண்டாம் என்றார். பாட்டை நிறுத்தினார். கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, செத்த நேரம் பொறுத்துப் போலாமுங்களா? உச்சி நேரத்துல அந்தப்பக்கம் வேண்டாமுங்க."

"காத்து கருப்பு டீசல் குடிக்குமாங்ணா?" என்றேன் நான். வாய்க்கொழுப்பு.

அவர் சிரிக்கவில்லை. ஊதியூர் மலை பின்னால் போனதும், ஆளில்லாத ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். புளியமரம் கண்ணில் பட்டது. எஞ்சின் ஒருமுறை இரைந்து, ஒருமுறை தணிந்து, மறுபடி இரைந்து, அணைந்துவிட்டது. லாரி உருண்டுபோய் மரத்துக்கு நேராக நின்றது. சுற்றிலும் ஆடுமாடு மேய்கிற காய்ந்த கொறங்காடு, கிளுவை வேலி, ஒரு ஆள் இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த நிமிஷம் எனக்கும் ஓடிப்போய்விடலாம் என்று இருந்தது.

கைக்கு வேலை கொடுத்தால் பயம் குறையும் என்று பானட்டைத் திறந்தேன். ஃபில்டர் மேல் இருக்கும் திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்ப்பை அடித்தேன். நுரையாக வந்தது. டீசலோடு காற்று. இருநூறு அடி அடித்திருப்பேன், நுரை நிற்கவே இல்லை. ஜாயிண்ட் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு கசிவும் கிடையாது. காற்று எங்கிருந்து வருகிறது?

அப்போதுதான் ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். தூக்குப்போசியிலிருந்து தண்ணீர் கொடுத்தார்.

"ஏன் கண்ணு, வண்டி இங்கதான் நிக்கோணுமா? அக்கட்டால தள்ளி நிறுத்தக் கூடாதா?"

"ஏனுங்கம்மா, இங்க என்னங்க?"

"தை மாசம் இந்த எடத்துலதான் ஒருத்தரு அடிபட்டுச் செத்துப்போனாரு. கொப்பரைக் களத்துல வேலை செஞ்சுபோட்டு சைக்கிள்ல வந்தவரு. என்ன வண்டின்னே தெரீலியாமா. போலீசு காங்கேயத்துலயும் தாராபுரத்துலயும் பட்டறை பட்டறையாப் போயிக் கேட்டாங்க. விடிய விடிய உசுரு இருந்துச்சாமா கண்ணு. அவரு பொண்டாட்டி இன்னும் வாரத்துக்கொருக்கா இங்க வந்து உக்காந்துட்டுப் போறா."

சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் நாச்சிமுத்து அண்ணனைப் பார்க்கவில்லை. என் மண்டைக்குள் காற்று எங்கிருந்து வருகிறது என்பது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வயதின் லட்சணம் அது. எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த டீசல் கேனைக் கேபினில் கட்டித் தொங்கவிட்டேன். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ரப்பர் குழாய் போட்டு, வாயால் இழுத்துப் பம்ப்பில் மாட்டினேன். சாவி போட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் ஓடியது, ஒரு மூச்சிரைப்பு இல்லை.

ஆக, கோளாறு டேங்கில். டேங்குக்குள் டீசலை உறிஞ்சும் குழாய் ஒன்று மேலிருந்து அடிவரை இறங்கியிருக்கும். அது நடுவில் விரிசல் விட்டிருந்தால், டீசல் விரிசலுக்கு மேலே இருக்கும்வரை தெரியாது. மட்டம் கீழே இறங்கினால் காற்றை உறிஞ்சும். சரி, ஏன் எப்போதும் இதே இடம்? டேங்கை அளக்கும் குச்சியை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு வெட்டு. கிளம்பும்போது அந்த வெட்டு வரைக்கும்தான் டீசல் போட வேண்டும் என்பது போன மாதம் லாரி முதலாளி போட்ட கட்டளை, அதுவரை டேங்க் நிறையப் போட்டார்கள். ஒவ்வொரு நடையும் அதே அளவு, அதே ரோடு, அதே லோடு. மட்டம் விரிசலுக்கு இறங்குவதும் அதே இடத்தில்தானே நடக்கும்! திரும்பும்போது கேன் டீசலும் தாராபுரத்தில் போட்ட டீசலும் சேர்ந்து மட்டம் மேலேயே இருக்கும். கண்டுபிடித்துவிட்டேன். கத்த வேண்டும்போல் இருந்தது. குச்சியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினேன்.

நாச்சிமுத்து அண்ணன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"நானுதானுங்க தம்பி. தை மாசம், பொழுது எறங்குற நேரமுங்க. ஒதுங்கிப் போறாருன்னு நெனச்சுத் தாண்டுனனுங்க. டம்முனு ஒரு சத்தம். கண்ணாடில பாத்தா சைக்கிள் கெடக்குது. கையத் தூக்குனாருங்க. நிறுத்துனா அடிச்சே கொன்னுபோடுவாங்கன்னு ஆக்சிலேட்டர மிதிச்சுப்போட்டு வந்துட்டனுங்க. இப்ப ஒரு மாசமா அவரு என்னைய இந்த எடத்தத் தாண்ட உடமாட்டீங்கறாருங்க."

கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"முடிவு பண்ணீட்டனுங்க. தாராபுரம் போனதும் நேரா ஸ்டேசனுக்குப் போயிர்றேன். சொல்லிப்போடுறேன். நீங்க மட்டும் கூட வாங்க தம்பி. எனக்குத் தனியாப் போக நெம்பப் பயமா இருக்குதுங்க."

கேளுங்கள், இந்த இடத்தில் நான் பொய் சொல்லப் போவதில்லை. எனக்கும் பயம். போலீஸ், சாட்சி, கோர்ட்டு என்று வரிசையாகக் கண்முன் வந்தது. காக்கிச்சட்டைக்கு முன்னால் நான் உட்கார்ந்ததே கிடையாது. அதோடு, கோளாறைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை வேறு தொண்டை வரைக்கும் நின்றது. இரண்டும் சேர்ந்து என் வாயைத் திறந்தன.

"யாரும் நிறுத்துலீங்ணா. டேங்குக்குள்ள பைப்புல ஓட்டை. அவ்வளவுதான்." குச்சியைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன்.

அவர் மறுபடி மறுபடி கேட்டார். "அப்ப… அவரு இல்லீங்களா?"

"இல்லீங்ணா."

"வெறும் ஓட்டைங்களா?"

"வெறும் ஓட்டைங்ணா."

முகம் தெளிந்தது. எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டினார். சத்தம் போட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அழுகையை விடப் பயமாக இருந்தது. கேன் டீசலிலேயே தாராபுரம் போய்ச் சேர்ந்தோம். ஸ்டேஷன் வாசல் வழியாகத்தான் போனோம். அவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை. ஹோட்டலில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவர் இரண்டாவது தடவை சோறு வாங்கினார்.

கணபதிக்குத் திரும்பிய மறுநாள் டேங்கை இறக்கினேன். டேங்க் லாரியின் இடது பக்கம் இருக்கும். கவிழ்த்துக் கழுவும்போது பார்த்தேன், பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒடுக்கு. அந்த ஒடுக்கில் பச்சைப் பெயிண்ட் தீற்றியிருந்தது. சைக்கிள் பச்சை. உள்ளே குழாயை உருவினேன். தகரம் உள்ளே அமுங்கி, குழாயில் இடித்து, அந்த மட்டத்தில்தான் குழாய் விரிசல் விட்டிருந்தது. நான் வெறும் ஓட்டை என்று சொன்ன ஓட்டையைப் போட்டது அந்த மனிதரின் சைக்கிள்தான். நாலு நடையாக அந்த வண்டியை நிறுத்தியது அவரேதான்.

நிமிர்ந்தேன். நாச்சிமுத்து அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"அதையும் எடுத்துருங்க தம்பி" என்றார்.

"செரிங்ணா" என்றேன்.

குழாய்க்குப் பித்தளை வைத்துப் பற்றவைத்தேன். தீப்பிடிக்காமல் இருக்க டேங்கில் தண்ணீர் நிரப்பி, ஒடுக்கில் ஒரு கம்பியைப் பற்றவைத்து இழுத்து நிமிர்த்தினேன். பட்டி வைத்துத் தேய்த்துக் கருப்புப் பெயிண்ட் அடித்தேன். அரைநாள் வேலை. எங்கள் முதலாளி தடவிப் பார்த்துவிட்டு, "புது டேங்காட்டமே பண்ணிப்போட்டியேடா" என்று மெச்சினார். அதற்குப் பிறகு அந்த வண்டி எங்கேயும் நிற்கவில்லை. நாச்சிமுத்து அண்ணன் வாரம் தவறாமல் ஒரு பை சின்ன வெங்காயம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். வேண்டாம் என்று சொல்லவும் பயம். கணபதி ரோட்டில் போலீஸ் ஜீப் வந்தால் பம்ப் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். யாரும் கோயமுத்தூர் வரைக்கும் வந்து கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை.

அந்த பம்ப் ரூம் இப்போது செல்போன் கடை. லாரி எஞ்சினுக்கு என்ன நோவு என்று அதுவே கம்ப்யூட்டரில் சொல்லிவிடுகிறது, டீசலை வாயில் வைக்கிறவன் யாருமில்லை. அந்த லாரி எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ரோட்டை அகலப்படுத்தினபோது புளியமரத்தையும் வெட்டிவிட்டார்கள். நாச்சிமுத்து அண்ணன் நாலைந்து வருஷத்துக்கு முன்னால் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார், நல்ல சாவு என்றார்கள். கொப்பரைக் களத்துக்காரரின் பெயரை நான் அந்த அம்மாவிடம் கேட்கவே இல்லை. அவரை இடித்தது எந்த வண்டி என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு அடையாளம்தான் இருந்தது. அது காலத்தில் தானாக அழிந்துபோனதல்ல, நான் அழித்தது.