குடைக்கடைத் தேர்வுக் குழு

எங்கள் ஆலையின் உணவுக்கூடத்தில் நண்பகல் பன்னிரண்டு பத்துக்கு உப்புப் புட்டி இடம் மாறும். அதுவரை மேசையின் நடுவில் இருக்கும் அதை ஃபிராங்க் என்னும் மெக்கானிக் எடுத்துத் தன் தட்டுக்கு வலப்பக்கம் வைப்பார். அதன் பின்னால் மிளகுப் புட்டி, அதற்கும் பின்னால் கடுகுச்சாறு பாட்டில். எதிரே உட்கார்ந்திருக்கும் ஸ்டோர் கீப்பர் வால்ட்டர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டி, மிளகை முன்னால் நகர்த்துவார். உடனே சண்டை தொடங்கும். பன்னிரண்டு நாற்பதுக்குச் சங்கு ஊதும்வரை நடக்கும். நான் அங்கே சேர்ந்த முதல் மூன்று வாரங்களில், சங்குக்கு முன்னால் அந்தச் சண்டை முடிந்த நாள் ஒன்றுகூட என் டைரியில் இல்லை. உப்பு இல்லாமல் முட்டை தின்ற நாட்கள் பதினொன்று.

ஆலை என்று நான் சொல்வது காயங்களுக்கு வைத்துக் கட்டும் பஞ்சும் துணியும் செய்யும் இடம். கடல் தாண்டி, ஏரிக்கரையில் இருக்கும் குளிர்ந்த நகரம். அங்கே என் வேலை பஞ்சிழையின் நீளத்தையும் அதில் சேர்ந்த மாசையும் அளந்து எழுதுவது. கோவில்பட்டி மில்லிலும் அதைத்தான் செய்தேன். பஞ்சு ஒன்றுதான்; அளக்கிறவன்தான் கம்பளிக்குள் நுழைந்துகொண்டான்.

புட்டிகளின் சண்டை கால்பந்தைப் பற்றியது; ஒவ்வொரு புட்டியும் ஓர் ஆட்டக்காரன். இங்கே கால்பந்து என்பது பெரும்பாலும் கையால் பிடித்துக்கொண்டு ஓடுவது. ஆண்டுக்கொரு முறை எல்லா அணிகளும் கூடி, கல்லூரி ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லிப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இதை டிராஃப்ட் என்கிறார்கள். போன ஆண்டு கடைசியில் வந்த அணிக்குத்தான் முதல் பந்தி. அது தனக்கு வேண்டியவனை எடுத்த பிறகே அடுத்த அணி கை நீட்டலாம். ஜெயித்தவனுக்கு மிச்சம். எங்கள் ஊர் அணி தொடர்ந்து தோற்றுவந்ததால், ஆலையில் எல்லோரும் அந்த நாளுக்காக ஆவலோடு காத்திருந்தார்கள். "நாம் இந்த முறை தடுப்பாட்டக்காரனை எடுக்கிறோம். சுவர் மாதிரி ஒருவன்" என்பார் ஃபிராங்க். "நாம் எடுக்கப்போவது பந்தெறிகிறவனை. சுவரை வைத்து யாரும் ஜெயித்ததில்லை" என்பார் வால்ட்டர்.

இருவரும் அணியின் தேர்வுக் குழுவில் இருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர்கள் பேச்சில் அவ்வளவு அதிகாரம் இருந்தது. ஆகவே ஃபிராங்க் வந்தால் எழுந்து நின்றேன். ஒருநாள் மரியாதையாகக் கேட்டும்விட்டேன்.

"உங்கள் குழு எப்போது கூடுகிறது?"

"எந்தக் குழு?"

"ஆட்டக்காரர்களை எடுக்கும் குழு. நீங்கள் இருவரும் அதில் இருக்கிறீர்கள் அல்லவா?"

ஃபிராங்க் குடித்துக்கொண்டிருந்த பால் மூக்கு வழியாக வந்தது. வால்ட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அணியின் முதலாளிக்கு நாங்கள் உயிரோடு இருப்பதே தெரியாது" என்றார்.

"அப்படியானால் ஏன் தினமும் முடிவெடுக்கிறீர்கள்?"

"டிக்கெட் வாங்குகிறோமே."

அவர்கள் சிரித்தது நியாயம்தான். நான் நினைத்ததும் நியாயம்தான். எங்கள் ஊரில் வெட்டிப்பேச்சு பேசுகிறவர்கள்தான் ஆளை எடுத்தார்கள்.

ஐம்பதுகளின் நடுவில், கோவில்பட்டியில் எங்கள் மில்லுக்கு ஒரு ஹாக்கி அணி இருந்தது. ஆண்டுதோறும் கோடை டோர்னமென்டுக்கு முன்னால், நன்றாக ஆடும் ஒருவனுக்கு மில்லில் வேலை கொடுத்து அணியில் சேர்ப்பார்கள். ஆறு மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம். ஆளை எடுக்க வேண்டியவர் மானேஜர். அவர் கோயம்புத்தூர்க்காரர், ஹாக்கி மட்டையையும் கைத்தடியையும் பிரித்தறியாதவர். அதை வெளியே காட்டிக்கொள்ளவும் மாட்டார். ஆகவே மாலை நடைக்கு வரும்போது மைதீன் அண்ணாச்சியின் குடைக்கடையில் நின்று ஒரு குடையை விரித்துப் பார்ப்பார். மழை எட்டிப் பார்க்காத ஊரில் குடைக்கடை வைத்திருந்த மைதீன் அண்ணாச்சிக்கு ஹாக்கி பேச நேரம் நிறைய இருந்தது. கடைவாசலில் நாங்கள் பேசுவதைக் குடைக்குப் பின்னால் நின்று மானேஜர் கேட்பார். மறுநாள் காலை அதையே தன் முடிவாக அறிவிப்பார். ஆறு ஆண்டுகளில் நாற்பத்திரண்டு தடவை குடை விரித்தார். ஒன்றுகூட வாங்கவில்லை.

அந்த ஆண்டு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் எப்போதும்வென்றானைச் சேர்ந்த கோல்கீப்பர். மற்றவன் பசுவந்தனையிலிருந்து வந்த சுடலைமுத்து, முன்வரிசை ஆட்டக்காரன். மைதீன் அண்ணாச்சி கோல்கீப்பர் பக்கம்.

"ஊரு பேரப் பாருங்க. அந்த ஊர்ல பொறந்தவன் தோப்பானா?" என்றார்.

எங்கள் அணித் தலைவர் வேலுச்சாமி மேஸ்திரி விடவில்லை. "எம் மச்சினன் அந்த ஊர்க்காரன்தான் அண்ணாச்சி. சீட்டுல ஒருநாளும் ஜெயிச்சதில்ல. பொண்டாட்டிகிட்ட கேக்கவே வேண்டாம்."

"அது சீட்டு. இது ஹாக்கில்லா."

"சரி, டைரி அண்ணாச்சி என்ன சொல்லுதாரு? அவிய நோட்டுல எல்லாம் இருக்கும்."

டைரி அண்ணாச்சி நான்தான். பக்கத்து ஊர்களில் நடந்த ஆட்டங்களுக்கெல்லாம் போய்க் கோடு போட்டு எழுதிவைத்திருந்தேன். நோட்டைத் திறந்து வாசித்தேன். "சுடலைமுத்து. ஏழு ஆட்டம். எதிராளி மட்டைக்குப் பந்தைப் பறிகொடுத்தது, பூஜ்யம்."

ஏழு ஆட்டத்தில் ஒருமுறைகூடப் பந்தை இழக்காதவனை யாரும் பார்த்ததில்லை. குடைக்குப் பின்னாலிருந்து மெல்ல இருமல் கேட்டது. மறுநாள் சுடலைமுத்துவுக்கு வேலை. அந்த வேலையை நம்பி, அதுவரை முகம் கொடுக்காதிருந்த அவன் மாமன் ஆவணியில் பெண்ணைக் கட்டித்தரச் சம்மதித்தார். மில் வேலை நிரந்தரமானால்தான் என்று கூடவே சொல்லிவைத்தார்.

இங்கே டிராஃப்ட் முடிந்த மறுநாள் வால்ட்டர் செய்தித்தாளோடு வந்தார். எங்கள் அணி பந்தெறிகிறவனைத்தான் எடுத்திருந்தது. மேற்கே எங்கோ புல்வெளி நாட்டுச் சின்னக் கல்லூரியில் ஆடியவன். ஃபிராங்க் உப்புப் புட்டியைக் கவிழ்த்துவைத்தார். அது துக்கத்தின் அடையாளம். வால்ட்டர் வெற்றியோடு வாசித்தார்: "பந்தை எதிராளியிடம் பறிகொடுத்ததே கிடையாது என்று போட்டிருக்கிறான். கேட்டீர்களா?"

கையிலிருந்த முட்டையைத் தட்டில் வைத்தேன்.

"எத்தனை தடவை எறிந்தான் என்று போட்டிருக்கிறதா?" என்றேன்.

வால்ட்டர் தேடினார். இல்லை.

"அவன் விளையாடிய மண் எப்படிப்பட்டது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவன் உரம் விற்கிறவனா என்று நான் கேட்டதுபோல் இருந்தது அந்தப் பார்வை. "மண்ணா? அங்கே மண்ணைப் பற்றி யாருக்குத் தெரியும்? காற்றுதான். வேலிக்கம்பத்தையே பிடுங்கும் காற்று" என்றார் வால்ட்டர்.

அப்போதுதான் அவர்களுக்குச் சுடலைமுத்துவின் கதையைச் சொன்னேன். என் ஆங்கிலத்தில் அதற்கு மூன்று மதிய உணவுகள் ஆயின. இங்கே சுருக்கமாகவே எழுதுகிறேன்.

டோர்னமென்டின் முதல் ஆட்டத்தில் சுடலைமுத்து பந்தை வாங்கினான். வாங்கியவன் கொடுக்கவில்லை. மட்டை நுனியில் பந்து ஒட்டிக்கொண்டது போல நான்கு பேரைத் தாண்டினான், திரும்பி வந்தான், அதே நான்கு பேரை மறுபடி தாண்டினான். பக்கத்தில் வேலுச்சாமி தனியே நின்று கையைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவன் பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே கொண்டுபோய், அங்கேயும் இருவரைத் தாண்டினான். இரண்டு கோலில் தோற்றோம். என் நோட்டில் அன்றும் எதிராளியிடம் இழந்தது பூஜ்யம். மற்றவருக்குக் கொடுத்தது எத்தனை என்று எழுத நான் கட்டமே போட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதுவும் பூஜ்யம்.

மானேஜர் குடையை விரிக்காமலே சொல்லிவிட்டுப் போனார். பதினைந்து நாள் கழித்து அடுத்த ஆட்டம். அதிலும் இப்படியென்றால் அவனை அனுப்பிவிடுவார்.

"எம் மாமன் முதல் ஆட்டம் முடிஞ்சதுமே ஆள் விட்டுக் கேட்டுட்டாரு அண்ணாச்சி" என்றான் சுடலைமுத்து. அவன் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று நான் தூங்கியிருப்பேன்.

"ஏன்டே, பக்கத்துல ஆள் நிக்கான்லா. கொடுத்தா என்ன?"

"கொடுத்தா போயிருமே."

"எங்க போவும்?"

அவனுக்கு அதை விளக்கத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பசுவந்தனைக்குப் பஸ் ஏறினேன். அவன் ஆடிப் பழகிய இடத்தைக் காட்டச் சொன்னேன். பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காடு. வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் என் குடைக்கம்பை விட்டுப் பார்த்தேன், பிடிவரைக்கும் போயிற்று. நான் இதற்கு முன்பு அங்கே ஆட்டம் பார்த்ததெல்லாம் மழைக்குப் பிறகு, வெடிப்பு மூடியிருந்த நாட்களில். ஒரு பந்தைத் தரையோடு அடித்தேன். எட்டடி ஓடியது, பூமிக்குள் போயிற்று. சுடலைமுத்து குப்புறப் படுத்து, தேள் இருக்கிறதா என்று குச்சியால் தட்டிவிட்டுக் கையை விட்டுத் துழாவினான்.

"இதான் அண்ணாச்சி. கொடுத்தா போயிரும்" என்றான்.

"அப்ப இங்கன யாருக்கும் யாரும் கொடுக்கவே மாட்டீங்களா?"

"பெரிய வெடிப்பு குறுக்க வந்தா மட்டும் மட்டையால கோரித் தூக்கிப் போட்டுருவோம். அந்தப் பக்கம் நிக்கவன் எடுத்துக்கிடுவான்."

திங்கட்கிழமை மாலை எங்கள் மைதானத்தில் சுண்ணாம்பால் கோணல்மாணலாக எட்டுக் கோடுகள் இழுத்தோம். அவனிடம், "இதெல்லாம் வெடிப்பு" என்றார் வேலுச்சாமி. அவன் வெட்கத்தோடு சிரித்தான். ஆனால் முதல் கோடு வந்ததும் அவன் கை தானாகவே பந்தைத் தூக்கிப் போட்டது. பந்து வேலுச்சாமியின் மட்டையடியில் போய் இறங்கியது. வேலுச்சாமி அதை அடிக்க மறந்து நின்றார்.

பத்து நாள் பழகினோம். ஆட்டத்தன்று வெளியூர் அணித் தலைவர் கோடுகளைப் பார்த்துவிட்டார். அவர் முறையிட, நடுவர் நின்று எல்லாவற்றையும் பெருக்கச் சொன்னார். ஆட்டம் தொடங்கியது. சுடலைமுத்து பந்தை வாங்கினான். தரையைப் பார்த்தான். கோடு இல்லை. இரண்டு பேரைத் தாண்டினான், மூன்றாமவனையும் தாண்டினான். மேடையில் மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அவன் மாமன் முகம்தான் கண்ணில் நின்றது. அப்போது எல்லைக்கோட்டுக்கு வெளியே விற்காத குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மைதீன் அண்ணாச்சி அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"ஏலே, வெடிப்புலே."

பந்து எழுந்தது. வேலுச்சாமி காத்திருந்து வாங்கி அடித்தார். கோல்.

அதற்குப் பிறகு ஊரே கற்றுக்கொண்டது. அவன் மூன்றடிக்கு மேல் பந்தை வைத்திருந்தால் ஐந்நூறு பேரும் சேர்ந்து, "வெடிப்பு, வெடிப்பு" என்றார்கள். வெளியூர்க்காரர்கள் ஒவ்வொரு தடவையும் குனிந்து தங்கள் காலடியைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் பந்து தலைக்கு மேல் போய்விடும். மூன்று கோல், மூன்றையும் அடித்தவர்கள் வேறு வேறு ஆட்கள். மறுநாள் மானேஜர் குடையை விரித்து, கொடுத்து ஆடுகிறவனே உண்மையான ஆட்டக்காரன் என்று தானே கண்டுபிடித்ததாக எங்களுக்கு எடுத்துச் சொன்னார். வேலை நிரந்தரம். ஆவணியில் கல்யாணம். நான் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்.

கதை முடிந்தது. ஃபிராங்க் உப்புப் புட்டியை எடுத்து, முதல்முறையாக, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த பருவத்தில், பனி விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிறன்று, இருவரும் என்னை ஆட்டத்துக்கு அழைத்துப்போனார்கள். எனக்கு இரண்டு கம்பளி, வால்ட்டரின் பழைய தொப்பி, ஃபிளாஸ்கில் காப்பி. புல்வெளி நாட்டு இளைஞன் பந்தை வாங்கினான். எறியவில்லை. தானே மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான், விழுந்தான். மறுபடி வாங்கினான், மறுபடி ஓடினான். தூரத்தில் ஓர் ஆள் தனியாக, இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றான். பார்த்தால் வேலுச்சாமி மேஸ்திரியேதான். எறிந்த பந்தைக் கொண்டுபோகும் அவன் ஊர்க் காற்று அன்று இங்கே இல்லை. அதை அவனிடம் சொல்ல யாரும் இல்லை.

"அவனை அனுப்பிவிடுவார்கள். இந்த மாதமே" என்றார் ஃபிராங்க். கவிழ்த்துவைத்த உப்புப் புட்டியைப் போல இருந்தது அவர் முகம்.

நான் எப்போது எழுந்தேன் என்று என் டைரியில் இல்லை. நான் நேரம் குறிக்காத விஷயம் அது ஒன்றுதான்.

"ஏலே, வெடிப்புலே" என்று கத்திவிட்டேன்.

எனக்கு இருபுறமும் ஃபிராங்கும் வால்ட்டரும் எழுந்தார்கள். மூன்று மதியங்களில் அந்த ஒரு சொல்லையாவது அவர்கள் கற்றிருந்தார்கள். பற்களுக்கிடையில் அரைபட்டு, நொண்டி நொண்டி, அது அந்த ஏரிக்கரை நகரத்தில் மூன்று தொண்டைகளிலிருந்து போயிற்று. ஆட்டக்காரன் அதைக் கேட்டிருக்க வழியில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் அவ்வளவு உயரம். ஆனாலும் அந்த ஆட்டத்தில் முதல் தடவையாக அவன் பந்தை எறிந்தான். தனியாக நின்றவன் அதைப் பிடித்தானா என்று நான் பார்க்கவில்லை. எங்களுக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, என்ன ஆபத்தோ என்று குனிந்து தங்கள் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் குனிந்து பார்த்தேன். வால்ட்டர் கொடுத்த கனத்த பூட்சு, அதைச் சுற்றிப் பனி. பதிமூன்று மாதமாக இந்த ஊரில் நடக்கிறேன். பனிக்குக் கீழே இருப்பது என்ன மண் என்று இன்னும் தெரியாது.