சோடா மறைத்த சதையி

அந்த ஸ்கான் இயந்திரத்தைத் திருப்பி எடுக்கச் சொல்லி நான் எழுதத் தொடங்கிய கடிதம் பாதியில் நின்றுபோனது. நல்ல காலம்.

எண்பதுகளின் நடுவில் தீவகத்துச் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில் டொக்டராக இருந்தேன். புது ஸ்கான் இயந்திரம் ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்கத் தந்திருந்தார்கள். சதையியில் வரும் நோய்களை அது காட்டுமா என்று நான் அறிக்கை எழுத வேண்டும். சதையி என்னும் கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்போடு ஒட்டினாற்போலக் கிடக்கும் உறுப்பு. ஈரல் தெரிந்தது, சிறுநீரகம் தெரிந்தது, சதையி மட்டும் எந்த நோயாளியிலும் தெரியவில்லை. அந்த இடத்தில் பனிமூட்டம் போல ஒரே வெள்ளைப் புகார். இரைப்பையில் காற்று நிறைந்திருந்தால் அப்படி வரும். ஆனால் எல்லோரையும் வெறுவயிற்றோடுதானே வரச் சொல்லியிருந்தேன்? இயந்திரம் உதவாது என்று முடிவுகட்டினேன். முடிவுகட்டுவதில் நான் எப்போதும் கெட்டிக்காரி.

அப்போதுதான் நெடுந்தீவிலிருந்து ஒரு கடற்றொழிலாளி மனைவியோடு வந்தார். மாதக்கணக்காக வயிற்றுக்குத்து. ஆள் மெலிந்து, மேல்வயிற்றில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. அவருடைய தகப்பன் அதே இடத்தில் புற்று வந்து செத்தவராம். தனக்கும் அதுதான் என்று தீர்மானித்து, கண்ணை மூடமுன் செய்ய வேண்டியவற்றையும் அவர் தொடங்கிவிட்டாராம். கட்டிக்குள் இருப்பது சதையா தண்ணீரா என்று நான் சொல்லியாக வேண்டும். திரையில் வழமையான புகார். படுத்திருந்தவர் வயிற்றுக் காற்றெல்லாம் வாய்வழியே வர, பெரிதாக ஓர் ஏவறை விட்டார்.

“வெறுவயித்தோடைதானே வந்தனீங்கள்?”

“ஓம் டொக்டர். பச்சைத்தண்ணிகூடக் குடிக்கேல்லை.”

“வள்ளத்தாலை இறங்கினவுடனை கடையிலை ஒரு சோடா மட்டும் வேண்டிக் குடுத்தனான்,” என்றார் மனைவி. “ஏவறை வந்தால் குத்துக் குறையும்.”

“அதை ஏன் சொல்லேல்லை?”

“அது மருந்தெல்லோ டொக்டர்!”

எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்களைக் கேட்டேன். அத்தனை பேரும் வயிற்றுக்குத்துக்குச் சோடா குடித்துவிட்டு வந்தவர்கள். நான் மட்டும் என்ன, சின்ன வயதில் அதே சோடாவைக் குடித்து வளர்ந்தவள்தானே. பாவம், இயந்திரத்தில் ஒரு குற்றமும் இல்லை.

அவரை மத்தியானம் வரை இருக்க வைத்தேன். பிறகு கொதித்தாறிய தண்ணீரை மெதுவாகக் குடிக்கச் சொல்லி, கதிரையில் நிமிர்த்தி இருத்திப் பார்த்தேன். மிச்சக் காற்று மேலே ஏறிவிட்டது. தண்ணீருக்குப் பின்னால் சதையி முழுசாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் வட்டமாக ஒரு கட்டி, உள்ளே முழுக் கறுப்பு, விளிம்பு துப்புரவு. சதையென்றால் சாம்பல் நிறமாகத் தெரிந்திருக்கும். எந்தப் பக்கத்தால் பார்த்தும் அது தண்ணீர்தான். பின்னர் யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் அதையேதான் கண்டார்கள்.

“புற்று இல்லை,” என்றேன். “தண்ணிக்கட்டி. யாழ்ப்பாணத்துக்கு அனுப்புறன், எடுத்துவிடுவினம்.”

அவர் சட்டையை எடுத்துத் தோளில் போட்டார். அழுவாரோ என்று பார்த்தேன். அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“இஞ்சரப்பா, மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு இப்ப கலியாணம் வேண்டாமெண்டு சொல்லுவம். மகள் திங்கக்கிழமை திரும்பப் பள்ளிக்கூடம் போகட்டும்.”