தக்காளிக்குப் போர்த்திய அம்மன் சேலை

அம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் யோகேஸ்வரியின் வணக்கம். கோயில் மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று ஐயர் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு எழுத வராது, வாய்தான் வரும். ஆனாலும் அந்த வைகாசி வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் கனடாவுக்கு வந்து இரண்டாவது வருஷம். ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்கட்டடம் ஒன்றில் பதினாறாவது மாடியில் இருந்தோம். என் கணவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். நான் நகரத்துக்கு வெளியே, ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேலைக்குப் போனேன்.

தோட்டக்காரி ஒரு இத்தாலிக்காரி. பெயர் அசுந்தா. அறுபது வயதிருக்கும். நான் அன்ரி என்றே கூப்பிடுவேன். இளவயதில் கைக்குழந்தையோடு கப்பலேறி வந்தவர். முப்பது வருஷம் ரொறன்ரோவில் ஒரு தையல் ஆலையில் தலை நிமிராமல் தைத்தவர். கணவர் காலமான பிறகு, எல்லாரும் ஓய்வெடுக்கிற வயதில், நகரத்து வீட்டை விற்றுவிட்டு நாலு ஏக்கர் காணி வாங்கினார்.

“என்ர அப்பா சாகுமட்டும் ஆரோ ஒருத்தன்ரை காணியிலைதான் கொத்தினவர். நான் என்ர காணியிலை நடவேணும்” என்பார். எங்கள் இருவருக்கும் இங்கிலிஷ் அரைகுறை. சண்டை பிடிக்க அது தாராளமாகப் போதும். அவர் சொன்னதை எல்லாம் இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மூளை பிசகிவிட்டது என்று இரண்டு மகன்மாரும் குதித்தார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதல் வருஷம் தக்காளி விளைந்தால் அம்மா அங்கேயே இருக்கலாம். விளையாவிட்டால் காணியை விற்றுவிட்டு மூத்தவன் வீட்டில் போய் இருக்க வேண்டும். அன்ரியும் சரியென்று தலையாட்டிவிட்டார்.

இனி என் கெட்டித்தனத்தைக் கேளுங்கள். இங்கே தக்காளி நடுகிறவர்கள் மே மாதப் பிற்பகுதியில் வரும் மூன்று நாள் விடுமுறை, அந்த லோங் வீக்கென்ட், கழியும்வரை பொறுப்பார்கள். அதற்குமுன் எந்த நாளும் உறைபனி இறங்கலாம். அன்ரிக்கும் அது தெரியும். நான்தான் பஞ்சாங்கத்தைப் புரட்டி, லோங் வீக்கென்டுக்கு ஒரு கிழமை முந்திய வெள்ளிக்கிழமை நடுகைக்கு நல்ல நாள் என்று கண்டுபிடித்தேன். அன்ரியின் ஊரிலும் வளர்பிறையில்தான் நடுவார்களாம். அவருக்குப் பிறை பிடித்தது, எனக்கு நாள் பிடித்தது. ஆனாலும் கொஞ்சம் தயங்கினார்.

“பயப்பிடாதேங்கோ அன்ரி. என்ர அம்மன் பாத்துக்கொள்ளுவா” என்றேன். அறுநூறு கன்றுகளையும் நட்டுவிட்டோம். பனிக்காலம் முழுக்க யன்னலோரத்தில் அவர் பிள்ளை மாதிரி வளர்த்த கன்றுகள். யாழ்ப்பாணத்தில் எந்த வைகாசியில் உறைபனி கொட்டியது? பஞ்சாங்கம் எந்த ஊருக்கு எழுதியது என்று யோசிக்க எனக்குப் புத்தி வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு றேடியோவில் சொன்னார்கள். இன்றிரவு உறைபனி. கன்றுகளை மூடி வையுங்கள்.

வீட்டிலிருந்த படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, யன்னல் திரை எல்லாவற்றையும் இழுத்து வந்தோம். எண்பது கன்றுக்குக்கூடக் காணாது. அன்ரி ஒரு வாளியைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் உட்கார்ந்தார். என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை.

“பின்னேரம் மூத்தவனுக்குப் போன் எடுக்கவேணும்” என்றார். அவ்வளவுதான்.  ஒரு மனுசியின் வாழ்நாள் ஆசையை என் வாய் அல்லவா கெடுத்தது!

“அன்ரி, என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்றேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது நம் கோயில் ஸ்காபரோவில், கார் திருத்தும் கடைக்குப் பக்கத்து வாடகைக் கட்டடத்தில் இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மதியப் பூசை முடிந்த நேரம். அன்ரி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மண் ஒட்டிய காலுறையோடு என் பின்னால் வந்து நின்றார். நான் அம்மனைக் கும்பிடவில்லை, சண்டை பிடித்தேன். ‘உன்னை நம்பித்தானே வாய்விட்டேன். என்னைத் தண்டி. இந்த மனுசி உனக்கு என்ன செய்தது? எனக்கு வழி காட்டாமல் நான் இங்கிருந்து எழும்பமாட்டேன்’ என்று விழுந்து அழுதேன்.

எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. அன்ரி என் தோளைத் தட்டினார். நிமிர்ந்து பார்த்தேன். அவர் அம்மனைப் பார்க்கவில்லை. ஐயர் அப்போதுதான் திறந்த அலுமாரியில் அன்ரியின் கண் இருந்தது. அம்மனுக்குச் சாத்திய சேலைகள் மேல்தட்டு வரை அடுக்கியிருந்தன. கீழே இன்னும் ஐந்தாறு பெட்டிகள்.

“எங்கட ஊர் மாதாவுக்கும் இப்பிடித்தான் உடுப்பு மாத்துறது” என்றார் அன்ரி. பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்கட மாதா ஒரு இரவுக்கு உந்தச் சீலையளைத் தருவாவோ எண்டு கேள்” என்றார்.

 ஐயரிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கோயில் தலைவர் அண்ணை பக்கத்தில் நின்றவர், பாய்ந்து வந்தார்.

“என்ன கதை பிள்ளை கதைக்கிறாய்? அம்மன்ரை சீலையைக் கொண்டுபோய்த் தக்காளிக்குப் போடுறதோ? உது பாவம்!”

ஐயர் அண்ணையின் பக்கம் திரும்பினார். “தாய் தன்ரை சீலைத் தலைப்பாலை பிள்ளையைப் போர்க்கிறது பாவமோ அண்ணை?” என்று கேட்டார். கேட்டுவிட்டு முதல் பெட்டியை அவரே தூக்கினார்.

பூசைக்கு வந்திருந்த பெண்கள் எட்டுப் பேர் எங்களோடு புறப்பட்டார்கள். தலைவர் அண்ணையும் முணுமுணுத்துக்கொண்டே தன் வான் வண்டியில் பெட்டிகளை ஏற்றிவந்தார். வரம்பில் கால் புதைந்து, பட்டு வேட்டியெல்லாம் சேறாகி, கடைசியில் எங்கள் எல்லோரையும்விட அதிக வரிசைகளை மூடியவர் அவர்தான். கன்று நசியாமல் கம்பு ஊன்றி, மேலே சேலையை விரித்து, ஓரங்களில் கல் வைத்தோம். சூரியன் மறைய முன்பே வேலை முடிந்தது. கடைசி இரண்டு வரிசைகளுக்கு மட்டும் சேலை போதவில்லை. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக அந்தக் காணி நம் தேர்த்திருவிழா மாதிரி இருந்தது. அன்ரி சிலுவைக்குறி போட்டார். நான் கைகூப்பினேன்.

விடிய ஆறு மணிக்குப் போனோம். சேலைகள் பனியில் அப்பளமாக விறைத்திருந்தன. மூடாத இரண்டு வரிசையும் கறுத்துச் செத்துக் கிடந்தன.  அன்ரிதான் முதல் சேலையைத் தூக்கினார். உள்ளே பச்சை. அடுத்ததிலும் பச்சை. வரிசை முடியும்வரை பச்சை! நாங்கள் இருவரும் அந்தச் சேற்றில் கட்டிப்பிடித்து அழுதோம்.

ஆவணியில் மூத்த மகன் வந்தார். வரிசை நடுவில் நின்றபடியே ஒரு தக்காளியைப் பறித்துக் கடித்தார். இரண்டாவதையும் கடித்தார். காணி விற்கிற கதையை அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை. முதல் கூடையை அன்ரி தானே சுமந்துவந்து அம்மன் முன்னால் வைத்தார்.

இப்போது நானும் அந்தக் காணியில் ஒரு துண்டில் மிளகாயும் கத்தரியும் செய்கிறேன். பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். குறையென்று சொல்ல ஒன்றுமில்லை. பஞ்சாங்கம் பார்ப்பதை நான் விடவில்லை. கூடவே றேடியோவும் கேட்கிறேன். இதை வாசிக்கிற தங்கைமாருக்கு ஒன்று சொல்வேன். தவறு உங்கள் பேரில் இருந்தாலும் அவளிடம் போங்கள். வெட்கப்படாமல் அழுங்கள், வேண்டுமானால் ஏசுங்கள். ஆனால் அழுது முடிய நிமிர்ந்து பாருங்கள்.

சேலைகளைத் தோய்த்துக் கொடுத்தபோது, பிரசாதமாக ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி ஐயர் அன்ரியிடம் சொன்னார். அவர் அரக்குச் சிவப்பு ஒன்றை எடுத்துப் போனார். முப்பது வருஷம் தைத்த கை சும்மா இருக்குமா? அடுத்த கிழமை நான் வேலைக்குப் போனபோது, அவர் குசினி மாடத்திலிருந்த மாதா, சரிகைக் கரை வைத்த புதுச் சட்டையும் முக்காடுமாக நின்றார். நான் தோட்டத்தில் இறங்கமுன் இன்றைக்கும் அவவைத்தான் முதலில் கும்பிடுகிறேன்.